மையத்தில் கொள்கை, ஓரத்தில் அளவு: வெப்பமண்டல மண்ணுக்கு ஒரு நூலகம்

ஒரு பல்கலைக்கழகம் வெப்பமண்டலப் பயிர்களுக்கும் மண்ணுக்கும் ஒரு நூலகத் தொகுப்பு உருவாக்க நினைக்கிறது. பணம் கொஞ்சம்தான். அலமாரி அதைவிடக் கொஞ்சம். எதை வாங்குவது, எதை விடுவது?

இந்தக் கேள்விக்குப் பெரிய உழைப்போடு பதில் தேடியது அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உள்ள மான் நூலகம். வாலஸ் ஓல்சன் பொறுப்பில், 1991 முதல் 1996 வரை, வேளாண் அறிவியல்களின் 'இலக்கியம்' பற்றி ஏழு தொகுதிகள் வந்தன. இங்கே இலக்கியம் என்றால் கதை, கவிதை இல்லை; ஒரு துறையில் எழுதப்பட்டவை எல்லாம் சேர்ந்தது. மண் அறிவியல் தொகுதி பீட்டர் மெக்டொனால்ட் தொகுத்து 1994ல் வெளியானது. பயிர் அறிவியலுக்கான தொகுதி 1995ல். மண் தொகுதியைத்தான் சில மாதங்களாக விட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றியும், அது கிளப்பிய யோசனைகள் பற்றியும்தான் இந்தக் குறிப்பு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மண்ணியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்து மென்பொருளில் பிழைப்பவன். எதை மேலே காட்டுவது, எதைக் கீழே தள்ளுவது, எதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு எதைக் கழிப்பது என்பதெல்லாம் எங்கள் தொழிலில் தினசரி வேலை. அதனால் இந்தப் புத்தகம் எனக்கு அந்நியமாகப் படவில்லை. அதே காரணத்தால் ஒரு விஷயம் உறுத்தவும் செய்தது.

உறுத்தல் இதுதான்: மண் பற்றிய அறிவு இடத்தோடு கட்டுண்டது. அதை மேற்கோள் எண்ணிக்கையால் அளந்து சேர்த்தால், நூலகம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரின் மண் மட்டும் அதற்குள் இருக்காது.

புத்தகம் செய்வது என்ன?

முறை எளிமையானது. துறையின் முக்கியமான நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் எடுத்துக்கொண்டு, அவை எந்தெந்த நூல்களை, இதழ்களை மேற்கோள் காட்டுகின்றன என்று எண்ணுகிறார்கள். அப்படி வந்த பட்டியலைத் துறை வல்லுநர்களிடம் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். கடைசியில் கிடைப்பது மையப் பட்டியல்: இந்தத் துறையில் ஒரு நூலகம் வைத்திருந்தே ஆகவேண்டிய புத்தகங்கள், இதழ்கள். வளர்ந்த நாடுகளுக்கும் வளரும் நாடுகளுக்கும் தனித்தனியாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இது பாராட்ட வேண்டிய விஷயம். கார்னெல்லுக்குத் தேவையானதும் கென்யாவுக்குத் தேவையானதும் ஒன்றல்ல என்ற புரிதலாவது இருந்திருக்கிறது. பழைய நூல்களில் காப்பாற்றப்பட வேண்டியவை எவை என்றும் ஒரு பட்டியல் உண்டு.

பட்டியலோடு இவர்கள் நின்றுவிடவும் இல்லை. இந்த வேலையின் தொடர்ச்சியாக, ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு 'டீல்' என்ற குறுந்தகட்டு நூலகத்தை 1999ல் கொண்டுவந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்விதழ்களின் முழுப் பக்கங்களும் ஒரு பெட்டிக்குள். சந்தாவோடு ஒப்பிட்டால் சொற்ப விலை. இணைய இணைப்பு தேவையில்லை. அந்நியச் செலாவணி இல்லாமல் இதழ்ச் சந்தாக்கள் நின்றுபோயிருந்த ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். 2003ல் உலக உணவு வேளாண் அமைப்பு தொடங்கிய 'அகோரா' இதையே இணையத்தில் செய்தது. ஆகவே இந்த முயற்சியைக் குறை சொல்லி ஒதுக்கிவிட முடியாது. பலருடைய முனைவர் பட்டத்தில் அந்தப் பெட்டிக்குப் பங்கு இருக்கும்.

சரி, அப்புறம் என்ன பிரச்சினை?

பிராட்ஃபோர்ட் சொன்னது, நாம் எடுத்துக்கொண்டது

மையப் பட்டியல் என்ற யோசனைக்கு அடியில் இருப்பது பிராட்ஃபோர்ட் விதி. லண்டன் அறிவியல் அருங்காட்சியக நூலகத்தின் பொறுப்பில் இருந்த எஸ்.சி. பிராட்ஃபோர்ட் 1934ல் இதை வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட துறைகள் இரண்டு: பயன்பாட்டுப் புவி இயற்பியலும் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் மசகியலும். புவி இயற்பியலில் அவருக்குக் கிடைத்த கணக்கு இது: மொத்தம் 326 இதழ்களில் 1,332 கட்டுரைகள். அதில் 9 இதழ்களில் மட்டும் 429. அடுத்த 59 இதழ்களில் 499. மீதி 258 இதழ்களில் 404.

இதைப் பார்த்ததும் நூலகருக்கு என்ன தோன்றும்? நூற்றுக்கு மூன்று இதழ் வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு கட்டுரைகள் கைக்கு வந்துவிடும். அடடா, எவ்வளவு லாபம்! எந்த மேலாளரும் உடனே கையெழுத்துப் போட்டுவிடுவார்.

ஆனால் இதே கணக்கைப் பின்னாலிருந்து படியுங்கள். 258 இதழ்கள், இதழுக்குச் சராசரியாக ஒன்றரைக் கட்டுரை. அவற்றை விட்டுவிட்டால் போவதும் கிட்டத்தட்ட அதே மூன்றில் ஒரு பங்குதான். பிராட்ஃபோர்ட் கவலைப்பட்டது இந்த ஓரத்தைப் பற்றித்தான். ஒரு துறைக்கான தனி நூலகம் தன் துறையின் எழுத்தை முழுசாகச் சேர்க்கவே முடியாது, ஏனென்றால் அது சம்பந்தமே இல்லாத இதழ்களில் சிதறிக் கிடக்கிறது என்பது அவருடைய வாதம். சுருக்கக் குறிப்பு வெளியிடும் இதழ்கள் பாதிக்கு மேல் தவறவிடுகின்றன என்பது அவருடைய புகார். அவர் ஓரத்தைக் காப்பாற்ற எழுதியதை, பின்னால் வந்தவர்கள் மையத்தை நியாயப்படுத்தப் பயன்படுத்திக்கொண்டார்கள். இது எனக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது, வருத்தமாகவும் இருக்கிறது.

மசகியலில் இது பெரிய நஷ்டம் இல்லை. லண்டனில் உராய்வைக் குறைக்கும் எண்ணெய் லாகோஸிலும் குறைக்கும். மண் அப்படி இல்லை.

களி என்றால் களி இல்லை

மிதவெப்ப நாட்டுப் பாடநூலில் படித்த ஒருவரிடம் 60 விழுக்காடு களி உள்ள மண் என்று சொல்லுங்கள். தண்ணீர் தேங்கும், உழவு கஷ்டம், காய்ந்தால் வெடிக்கும் என்பார். நம்ம கரிசலைப் பார்த்தவர்களும் அதையேதான் சொல்வார்கள். ஆனால் பிரேசில் நடுவண் பீடபூமியின் சிவந்த ஆக்ஸிசால் மண்ணில் அதே 60 விழுக்காடு களி இருந்தாலும் மழை பெய்ததும் தண்ணீர் மணலில் இறங்குவதுபோல இறங்கிவிடும். இரும்பு, அலுமினிய ஆக்ஸைடுகள் களித்துகள்களைப் பிணைத்துச் சின்னச் சின்னக் குருணைகளாக ஆக்கிவிடுவதுதான் காரணம். பரிசோதனைக்கூடம் அதைக் களி என்று எழுதும். வயலில் அது குருணை.

சுண்ணாம்பும் அப்படித்தான். புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டு நடுநிலைக்குப் பக்கத்தில் கொண்டுவா என்பது மிதவெப்ப நாட்டுப் பழக்கம். மிகவும் சிதைந்த வெப்பமண்டல மண்ணில் அதைச் செய்தால் செலவு எகிறும். துத்தநாகம், மாங்கனீசு போன்ற நுண்ணூட்டங்கள் பயிருக்குக் கிடைக்காமல் போகும். அங்கே பயிரைக் கெடுப்பது மண்ணில் இருக்கும் அலுமினியம். அதை அடக்கும் அளவுக்குப் போட்டால் போதும் என்பதை வட கரோலினாவின் யூஜின் காம்ப்ராத் 1970ல் நிறுவினார்.

இங்கே ஒருவர் என்னை மறிக்கலாம். "நீங்க சொல்ற இதெல்லாம் பெட்ரோ சான்செஸ் 1976ல் எழுதின வெப்பமண்டல மண் நூலிலேயே இருக்கே. அது எல்லாப் பட்டியலிலும் வருமே. அப்புறம் எண்ணிக்கை முறை எங்கே தோற்றது?" நியாயமான கேள்வி. கொள்கை மையத்தில் கிடைத்துவிடும். அதில் எனக்கு மறுப்பில்லை. அலுமினியத்தை அடக்கு என்பது கொள்கை. இந்த மாவட்டத்தில், இந்த மேட்டு நிலத்தில், மக்காச்சோளத்துக்கு எக்டேருக்கு எத்தனை டன் சுண்ணாம்பு, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பது அளவு. அந்த அளவு ஏதோ ஒரு ஆராய்ச்சி நிலையத்தின் ஆண்டறிக்கையில், ஒரு துறை வெளியீட்டில், ஒரு முதுகலை ஆய்வேட்டில் இருக்கும். அதை மேற்கோள் காட்ட உலகத்தில் நான்கு பேர்கூட இருக்க மாட்டார்கள். ஆனால் அந்த மாவட்டத்து விவசாயிக்குத் தேவை அதுதான்.

மேற்கோள் எண்ணிக்கை அளப்பது ஒரு எழுத்து எத்தனை இடங்களுக்குப் பொருந்தும் என்பதை. மண் நூலகத்தில் பாதி வேலை ஒரே ஒரு இடத்துக்குப் பொருந்தும் எழுத்தைச் சேர்ப்பது.

அங்காடிப்புறத்துச் செங்கல்

மையத்தில் இருப்பதெல்லாம் சரியானது என்றும் நினைத்துவிடக் கூடாது. 'லேட்டரைட்' என்ற சொல்லின் கதையைப் பாருங்கள். மைசூர், மலபார் வழியாகப் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், மலபாரில் அங்காடிப்புறம் பக்கத்தில் மக்கள் ஒருவகைச் செம்மண் பாறையைச் செங்கல்லாக வெட்டி எடுப்பதையும், அது காற்றுப்பட்டு இறுகுவதையும் பார்த்தார். 1807ல் வெளியான அவருடைய பயண நூலில், செங்கல்லுக்கான லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தார். அங்காடிப்புறத்துக்கு அது கச்சிதமான பெயர்.

பிறகு அந்தப் பெயர் உலகம் சுற்றக் கிளம்பியது. சிவப்பாக இருந்த வெப்பமண்டல மண்ணெல்லாம் லேட்டரைட் ஆனது. 1964ல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் மேரி மெக்நீல் எழுதிய கட்டுரை, காட்டை வெட்டினால் வெப்பமண்டல நிலம் பாறையாக இறுகிவிடும் என்ற பயத்தை ஊரெல்லாம் கொண்டுபோனது. எழுபதுகளில் சான்செஸும் ஸ்டான்லி பூலும் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அப்படி இறுகக்கூடிய மண் வெப்பமண்டலப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு ஊரின் உண்மை ஒரு கண்டத்தின் பொய்யாக மாறியது. மேற்கோள்தான் அதைச் சுமந்துகொண்டு போனது.

எங்கள் துறையில் இதற்கு நிகரான அனுபவம் நிறைய. தேடலில் மேலே வரும் விடை சரியான விடை என்று அர்த்தமில்லை. பலர் சுட்டிய விடை, அவ்வளவுதான்.

மில்ன் நடந்த வழி

எண்ணிக்கைக்குச் சிக்காத எழுத்து எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஜெஃப்ரி மில்ன். இன்றைய தான்சானியாவில், அன்றைய டாங்கன்யிகாவில், அமானி ஆராய்ச்சி நிலையத்தில் மண் வேதியியலாளராக இருந்தவர். கிழக்கு ஆப்பிரிக்காவின் மண்ணை வரைபடத்தில் கொண்டுவர முயன்றபோது ஒன்றைக் கவனித்தார். மேட்டில் சிவப்பு மண், சரிவில் வெளிறிய மண், பள்ளத்தில் 'ம்புகா' என்று சுவாஹிலியில் சொல்லும் கருங்களி. அடுத்த மேட்டில் மறுபடி அதே வரிசை. தனித்தனியாக வரைந்து மாளாது. வரிசையையே ஓர் அலகாக வரையலாம் என்றார். 1935ல் அதற்கு அவர் வைத்த பெயர் 'கேட்டினா', லத்தீனில் சங்கிலி. இன்று அந்தச் சொல் இல்லாத மண்ணியல் பாடநூல் இல்லை. கொள்கை மையத்துக்கு வந்துவிட்டது.

ஆனால் 1935 டிசம்பர் முதல் 1936 பிப்ரவரி வரை அவர் டாங்கன்யிகாவில் சுற்றி, ஒவ்வொரு இடத்து மண்ணையும் பார்த்து எழுதிய நீண்ட பயண அறிக்கை? ஜர்னல் ஆஃப் ஈக்காலஜி இதழில் அது வெளியானது 1947ல். அப்போது மில்ன் உயிரோடு இல்லை.

அதே 1947ல்தான், அதே டாங்கன்யிகாவில், பிரிட்டிஷ் அரசு தன் பிரம்மாண்டமான நிலக்கடலைத் திட்டத்தைத் தொடங்கியது. போருக்குப் பின் பிரிட்டனில் எண்ணெய், கொழுப்புத் தட்டுப்பாடு. 1946ல் ஜான் வேக்ஃபீல்ட் தலைமையில் மூன்று பேர் குழு ஒன்பது வாரம் சுற்றிப் பார்த்து அறிக்கை கொடுத்தது. முப்பது லட்சம் ஏக்கருக்கும் மேல் புதரை வெட்டிக் கடலை போடுவது திட்டம். முதலில் இறங்கிய இடம் கொங்வா. மழை பொய்ப்பதும் பஞ்சமும் அந்தப் பகுதிக்குப் புதிதல்ல. மண்ணோ, மழை நின்றதும் இறுகிக் கல்லாகும் களி. கடலைக்கு இளக்கமான மண் வேண்டும். இறுகின மண்ணில் காய் உள்ளேயே நின்றுவிடும் என்று நம்ம ஊரில் கடலை போடுகிற யாரும் சொல்லிவிடுவார்கள். 1951ல் திட்டத்தைக் கைவிட்டார்கள். நஷ்டக் கணக்கில் எழுதிய தொகை சுமார் 3.6 கோடி பவுண்டு.

மில்னின் அறிக்கையைப் படித்திருந்தால் திட்டம் நின்றிருக்கும் என்று நான் வாதாடவில்லை. அரசியல் அவசரத்தை எந்த அறிக்கையும் நிறுத்தாது. நான் பார்ப்பது வேகத்தை. புல்டோசர் வந்து சேர்ந்த வருடமும் மண் அறிக்கை அச்சுக்கு வந்து சேர்ந்த வருடமும் ஒன்று. மண் பார்த்தவன் எழுதியது ஓரத்தில் கிடக்க, ஒன்பது வாரம் சுற்றியவர்கள் எழுதியது மேசைக்கு வந்தது. எதைச் சேர்ப்பது, எதைக் கையெட்டும் இடத்தில் வைப்பது என்ற நூலகக் கேள்விக்குப் பின்னால் இருப்பது இவ்வளவு பெரிய விஷயம்.

இன்னொரு வழி: கிரான்ஃபீல்ட்

எண்ணிக்கைக்கு மாற்று உண்டா? உண்டு, அதையும் ஒரு பல்கலைக்கழகமே செய்து காட்டியிருக்கிறது. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் 'வோசாக்' என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. உலக மண் ஆய்வு ஆவணக் காப்பகம் என்று சொல்லலாம். பிரிட்டிஷ் அரசுத் துறைகளும் ஆலோசனை நிறுவனங்களும் ஆப்பிரிக்கா, ஆசியா, கரீபியன் என்று பல நாடுகளில் எடுத்த மண் ஆய்வுகளின் அறிக்கைகள், வரைபடங்கள், வான்படங்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிகள். பெரும்பாலும் தட்டச்சில் அடித்து, சில பிரதிகள் எடுத்து, வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டு மறந்துபோனவை. ஓய்வு பெற்ற மண்ணியலாளர்கள் வீட்டில் வைத்திருந்ததும் மூடிய அலுவலகங்களில் கிடந்ததும் இதில் சேர்ந்திருக்கின்றன. மேற்கோள் எண்ணிக்கைப்படி பார்த்தால் இதில் பெரும்பகுதி பூஜ்யம்.

இந்தப் பூஜ்யம் என்ன செய்தது தெரியுமா? 1991ல் சொமாலியாவில் அரசு சிதைந்தது. அலுவலகங்களோடு ஆவணங்களும் போயின. ஜூபா, ஷபெல்லே ஆற்றுப் படுகைகளில் பாசனத்துக்காகப் பல பத்தாண்டுகள் எடுத்த மண் ஆய்வுகளும் அதில் அடக்கம். பிறகு உலக உணவு வேளாண் அமைப்பு, சொமாலியாவின் நீர், நிலத் தகவல்களை மீட்க 'ஸ்வாலிம்' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது, கிரான்ஃபீல்டில் இருந்த பிரதிகள் கைகொடுத்தன. ஒரு நாட்டின் மண் பற்றிய நினைவு இங்கிலாந்தில் ஒரு அலமாரியில் மிச்சம் இருந்தது.

இங்கே என் தொழில்புத்தி எட்டிப் பார்க்கிறது. நூலகங்களில் கழித்தல் என்று ஒரு வழக்கம் உண்டு: இத்தனை வருடமாக யாரும் எடுக்காத புத்தகத்தை வெளியே தள்ளுவது. நாவலுக்கும் பழைய தேர்வு வழிகாட்டிக்கும் அது சரி. ஆனால் எந்தப் பொறியாளராவது, "இந்த பேக்கப்பை ஐந்து வருஷமா யாரும் திறக்கலை, அழிச்சிடலாம்" என்பாரா? பேக்கப்பின் மதிப்பு அதைத் திறந்த தடவைகளில் இல்லை. திறக்க வேண்டிய அந்த ஒரு நாளில் இருக்கிறது. மண் ஆய்வு அறிக்கை பேக்கப் மாதிரி. மண் அவ்வளவு சீக்கிரம் மாறாது. 1955ல் வெட்டிப் பார்த்த குழியின் விவரம் இன்றும் செல்லும். அதே இடத்தில் இன்று மறுபடி வெட்டினால், இடைப்பட்ட காலத்தில் எவ்வளவு கரிமம் போயிருக்கிறது என்று ஒப்பிட அந்த ஒன்றுதான் ஆதாரம்.

மொழியும் முகவரியும்

மையப் பட்டியலில் இன்னொரு சாய்வு, மொழி. பிரேசிலின் செராடோ நிலம் அறுபதுகள்வரை ஒன்றுக்கும் ஆகாத மேய்ச்சல் பூமி என்று பெயரெடுத்தது. சுண்ணாம்பும் பாஸ்பரசும் போட்டு, மண்ணுக்கேற்ற சோயா ரகங்களை உருவாக்கி, அதை உலகச் சோயாச் சந்தையின் தூணாக்கினார்கள். 1973ல் தொடங்கிய எம்ப்ராப்பா நிறுவனத்துக்கு அதில் பெரிய பங்கு. வெப்பமண்டல மண்ணியலின் மிகப் பெரிய வெற்றி என்று இதைச் சொன்னால் மிகையில்லை. (அந்தப் புல்வெளிக் காட்டை அழித்த கணக்கு தனி.) இதன் அளவுகள் எல்லாம் பெரும்பாலும் போர்ச்சுகீசிய மொழியில் எழுதப்பட்டவை. ஆங்கில மேற்கோள்களை எண்ணுகிற கணக்கில் இது சின்னதாகத்தான் தெரியும். பிரேசில்காரர்கள் யாருடைய பட்டியலுக்கும் காத்திருக்கவில்லை. 1997ல் சாவோ பாவ்லோவில் 'சியேலோ' என்று தங்கள் இதழ்களுக்கே ஓர் இலவச இணைய நூலகத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஓரமே தனக்கு ஒரு மையத்தைக் கட்டிக்கொண்டது.

எல்லா ஓரத்துக்கும் அந்த வசதி கிடைக்காது. ஆம்ஸ்டர்டாமில் உள்ள ராயல் ட்ராபிகல் இன்ஸ்டிட்யூட்டின் நூலகம், டச்சுக் காலனி ஆட்சிக் காலம் தொட்டு வெப்பமண்டல வேளாண்மைக்குப் பேர்போனது. அரசு மானியம் நின்றதால் 2013ல் மூடினார்கள். காலனியப் பாரம்பரியப் பகுதி லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போனது. மீதியில் சுமார் நான்கு லட்சம் புத்தகங்களை எகிப்தின் அலெக்ஸாந்திரியா நூலகம் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ள யாரும் வராமல் இருந்திருந்தால் அவை கூழாகியிருக்கும். நூலகம் இருந்த நாட்டுக்கு அது செலவு. எந்த நாடுகளைப் பற்றிய நூல்களோ அந்த நாடுகளை யாரும் கேட்கவில்லை. கிரான்ஃபீல்ட் கதையின் மறுபக்கம் இது. அடுத்தவர் வீட்டு அலமாரியில் இருக்கும் பேக்கப், அந்த வீட்டுக்காரர் நல்ல மனநிலையில் இருக்கும்வரைதான்.

அப்போ எப்படிச் சேர்ப்பது?

மெக்டொனால்ட் தொகுதியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. மையப் பட்டியலை வாங்குவது எளிது. அதனால் அதை முதலில் செய்து முடித்துவிடலாம். அதற்குமேல் ஆள்பலத்தையும் நேரத்தையும் ஓரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு வேளாண் பல்கலைக்கழக நூலகருக்கு நான் சொல்லக்கூடியது நான்கு விஷயங்கள்.

ஒன்று, புத்தகப் பட்டியலோடு தொடங்காமல் வரைபடத்தோடு தொடங்குங்கள். உங்கள் பல்கலைக்கழகம் சேவை செய்யும் மாவட்டங்கள் எவை, அவற்றின் மண் வகைகள் எவை, ஒவ்வொன்றைப் பற்றியும் இதுவரை யார் என்ன எழுதினார்கள்? வரைபடத்தில் வெற்றிடமாக நிற்கும் இடம்தான் அடுத்துத் தேட வேண்டியது.

இரண்டு, நூற்பட்டியில் தலைப்பு, ஆசிரியரோடு அட்சரேகை, தீர்க்கரேகையும் ஏற்றுங்கள். 'சில வெப்பமண்டல மண்களின் பாஸ்பரஸ்' என்ற தலைப்பை வைத்துக்கொண்டு எந்த விவசாயிக்கும் உதவ முடியாது. எந்த ஊர் மண் என்று தேட முடிந்தால் முடியும்.

மூன்று, வரைபடத்தையும் அதன் அறிக்கையையும் பிரிக்காதீர்கள். வரைபடம் ஒரு அறைக்கும் அறிக்கை இன்னொரு அறைக்கும் போய், சில வருடங்களில் ஒன்று தொலைந்துவிட்டால் மற்றது ஊமை. பரிசோதனை முறையும் கூடவே இருக்க வேண்டும். பாஸ்பரஸ் 12 என்று மட்டும் இருந்தால் பயனில்லை. பிரே முறையா, ஓல்சன் முறையா (இந்த ஓல்சன் வேறு) என்பதைப் பொறுத்து அந்த 12 போதுமானதும் ஆகும், போதாததும் ஆகும்.

நான்கு, உங்கள் மாணவர்களின் ஆய்வேடுகள்தான் உங்கள் நூலகத்தில் உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத பகுதி. அதை மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டு வெளிநாட்டு இதழுக்குச் சந்தா கட்டுவது, சொந்தக் கிணற்றை மூடிவிட்டு லாரித் தண்ணீர் வாங்குவது மாதிரி.

புத்தகத்தைப் பற்றி என் முடிவு இதுதான். இது ஒரு நேர்மையான, கடினமான வேலை. தன் முறையை மறைக்காமல் சொல்வதால்தான் அதோடு சண்டை போடவும் முடிகிறது. ஆனால் இது தன்னிடம் கேட்டுக்கொள்ளும் கேள்வி, "உலகத்தில் மண்ணைப் படிப்பவர்கள் எதைப் படிக்கிறார்கள்?" என்பது. ஒரு வெப்பமண்டலப் பல்கலைக்கழகத்தின் நூலகம் கேட்க வேண்டியது, "இந்த மண்ணைப் பற்றி யார் எழுதினார்கள், அது இப்போது எங்கே இருக்கிறது?" என்பது. முதல் கேள்விக்கு விடை வாங்கக் கிடைக்கும். இரண்டாவதற்குத் தேடித்தான் போக வேண்டும்.

வேளாண் கல்லூரிகளிலோ ஆராய்ச்சி நிலையங்களிலோ வேலை பார்க்கும் நண்பர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் அலுவலகத்தில் பழைய தட்டச்சு அறிக்கை, மடித்துக் கிழிந்த மண் வரைபடம் என்று ஏதாவது பழைய பேப்பருக்குப் போகக் கட்டி வைத்திருந்தால், போவதற்கு முன்னால் ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். எந்த ஊர் மண் என்று அதில் எழுதியிருக்கும். அந்த ஊர்க்காரர் யாராவது ஒருநாள் அதைத் தேடி வருவார்.